சோணையம்மாள் பிடித்த மேழி

என் மதினி சோணையம்மாளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் திமிர் பிடித்தவள் என்பார்கள். சிலர் அதை முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார்கள், சிலர் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். நான் சிரித்துக்கொண்டு சொல்கிற கூட்டம். போன சித்திரை முதல் தேதி அவர் செய்த காரியத்துக்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் ஆள் கூடிவிட்டது.

நான் சிவபாண்டி, வேன் ஓட்டுகிறேன். மதினி என்றால் என் பெரியப்பா மகன் அழகுமலைக்கு வாக்கப்பட்டு வந்தவர். எங்கள் ஊர் கரட்டுப்பட்டி, நாகமலைக்கு மேற்கே, சோழவந்தான் போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரியும். ஊருக்கு வடக்கே வாய்க்கால் போகிறது. வாய்க்காலை ஒட்டி இருப்பது ஓடைவயல். மதினி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாடுபடுவது அந்த வயலில்தான். வயல் அவருடையது இல்லை, சிவக்குமார் ஐயா வீட்டுடையது.

எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கம் சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது. எல்லோரும் கூலிக்குப் போனவர்கள். மதினியின் ஆத்தா இருளாயி சாகிறவரைக்கும் கூலிக்காரிதான். அறுவடைக் களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது தூரத்தில் சேலை முந்தியை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும், கூப்பிட்டால்தான் கிட்டே போக வேண்டும். எங்கள் வகையறாவில் முதன்முதலாக வாரத்துக்கு நிலம் பிடித்தவர் அழகுமலை அண்ணன். நிலம் அவர்களுடையது, பாடு நம்முடையது, விளைந்ததை இரண்டு பேரும் பிரித்துக்கொள்வது, இதுதான் வாரம். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்த முதல் அறுவடையில் நெற்குவியலுக்குப் பக்கத்தில் புருஷனோடு நின்றதை மதினி இப்போதும் சொல்வார்.

"நெல்லு எம்புட்டு கெடைச்சுச்சுன்னு ஞாபகம் இல்ல கொழுந்தனாரே. ஆனா யாரும் என்னையத் தள்ளி நில்லுன்னு சொல்லல."

அண்ணன் அதிக நாள் இருக்கவில்லை. மஞ்சள்காமாலை வந்து போய்விட்டார். மகன் ராம்கி அப்போது கைக்குழந்தை. அந்த மாசி, பங்குனியில் ஐயா வீட்டில் பேச்சு கிளம்பியது. ஆம்பிளை இல்லாத வீடு, ஏர் யார் பிடிப்பது, நிலத்தை வேறு ஆளுக்கு விட வேண்டியதுதான் என்று.

இந்த இடத்தில் பொன்னேர் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது விளங்காது. சித்திரை முதல் தேதி காலையில் ஊர் கூடும். ஊர்த் தலைவரை நாங்கள் அம்பலம் என்போம். அவர் கையால் விதை வாங்கிக்கொண்டு, அவரவர் பாடுபடுகிற நிலத்தில் ஏரை இறக்க வேண்டும். நாலு வரப்பையும் ஒட்டி ஒரு சால் சுற்றி வந்து, பின்னாலேயே விதையைத் தெளிக்க வேண்டும். அந்த வருஷத்தின் முதல் உழவு அது. பல ஊரில் இருக்கிற சடங்குதான். எங்கள் ஊரில் மட்டும் அதோடு ஒரு கட்டுப்பாடு உண்டு. பொன்னேரில் எந்த நிலத்தை யார் சுற்றி உழுதாரோ, அறுவடை முடியும்வரை அந்த நிலம் அவர் கையில்தான். நிலக்காரரே வந்து நின்றாலும் இறங்கு என்று சொல்லக் கூடாது. வாரக்காரரை மாற்றுவதாக இருந்தால் பங்குனிக்குள் கூப்பிட்டுப் பேசி முடித்துவிட வேண்டும்.

ஐயா பேசி முடிக்கவில்லை. பொம்பிளை ஏரைத் தொட மாட்டாள், தானாக நிலம் கைக்கு வந்துவிடும் என்று அசால்ட்டாக இருந்துவிட்டார். சித்திரை முதல் தேதி மதினி எங்கள் தெருப் பேயாண்டியின் மாடுகளைக் கேட்டு வாங்கி, அண்ணனின் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். ஊர் கொதித்துப்போனது. கலப்பையின் கைப்பிடியைத்தான் மேழி என்போம், பொம்பிளை அதைப் பிடித்தால் மழை பெய்யாது என்று கிழடுகள் கத்தின.

"மழை பெய்யலன்னா என் வீட்டு வாசல்ல வந்து கேளுங்க. இப்ப வழிய விடுங்க" என்றார் மதினி.

சால் கோணல்மாணலாகப் போனது. மாடு ஒரு பக்கம் இழுத்தது, மதினி ஒரு பக்கம் இழுத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் இருளாயிக் கிழவி அழுதுகொண்டே விதை தெளித்தாள். ஆனாலும் நாலு வரப்பும் சுற்றியாகிவிட்டது. ஐயா வரப்பில் நின்று முறைத்துப் பார்த்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் நின்றது. அவருடைய மகள் பவதாரிணி. அது மட்டும் கையைத் தட்டியது. அந்த வருஷம் மழை பெய்ததா என்றால், பெய்தது. ரொம்பப் பெய்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் ஐயா வாயைத் திறக்கவில்லை. மதினி வெள்ளாமை செய்தார், பங்கு பிரித்தார், ராம்கியை ஐடிஐ வரை படிக்க வைத்தார். டிராக்டர் வந்தது, மாடுகள் குறைந்தன, பொன்னேர் நின்றுபோனது. ஐயாவும் காலமானார். நிலம் பவதாரிணி கைக்கு வந்தது.

அந்தப் பெண் வெளியூரில் படித்தது பறவை, பூச்சி, காடு பற்றிய படிப்பு. மதுரையில் வீடு. வாரத்துக்கு ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு வயலுக்கு வந்துவிடும். அதைக் கெட்ட பெண் என்று நான் சொல்லவே மாட்டேன். அப்பன் எங்கள் ஆட்களை வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினவர். மகளோ மதினி வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்து, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும். அக்கா என்றுதான் கூப்பிடும். மதினிக்கு முதல் தடவை கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு வந்த தொல்லைக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தான் காரணம். அப்பன் மாதிரி இருந்திருந்தால் மதினி முதல் நாளே சண்டைக்குப் போயிருப்பார்.

முதலில் யூரியா வேண்டாம், மருந்து வேண்டாம் என்றது. மதினி சரி என்றார். விளைச்சல் படுத்துவிட்டது. அந்தப் பெண் தன் பங்கைக் குறைத்துக்கொண்டது, அதையும் சொல்ல வேண்டும். சாணி, கோமியம் என்று மதினி மல்லுக்கட்டி, மண் ஒரு வழியாகப் பழகியது. அடுத்ததாக, ஆள் உயரம் வளரும் பழைய நெல்தான் போட வேண்டும் என்றது. கார்த்திகை மழையில் அது மொத்தமாகச் சாய்ந்து படுத்தது. அறுவடை மெஷின் உள்ளே இறங்க முடியாமல் மதினி ஆள் வைத்துக் கையால் அறுத்தார். அதற்கும் சரி என்றார்.

பிறகு மயில். பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து மயில்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள்தான், மயிலை அடிக்க எங்களுக்கும் மனசு வராது. தகரத்தைத் தட்டுவோம், அது பறந்து போகும், மறுபடி வரும். தட்டவே கூடாது என்றது அந்தப் பெண். சத்தம் போட்டால் குஞ்சு வைத்திருக்கிற மயில் மிரண்டுவிடுமாம். பால் பிடித்த கதிரை மயில் உருவி உருவித் தின்பதை மதினி மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேமரா வந்தபோதுதான் மதினி முதல்முதலாக எகிறினார். கீரிப்பிள்ளை, காட்டுப்பூனை வந்துபோவதைப் படம் எடுப்பதற்காக, கிணற்றடிப் புங்க மரத்தில் ஒரு சின்னக் கேமராவைக் கட்டிவைத்தது அந்தப் பெண். அசைவது எதுவானாலும் தானாகவே படம் எடுத்துவிடும். மதினி ஒதுங்குவதற்கு வேறு இடம் கிடையாது, அந்த மரத்துக்குப் பின்னால் உள்ள புதர்தான். மறுநாளே உரச்சாக்கை எடுத்து அதன் தலையில் மாட்டிவிட்டார்.

"அக்கா, கேமராவ யாரோ மூடியிருக்காங்க" என்று பவதாரிணி கேட்டது.

"யாரோ இல்ல பாப்பா, நான்தான். கீரிக்கு வெக்கம் இல்ல, எனக்கு இருக்கு."

அந்தப் பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டது, கேமராவை வேறு மரத்துக்கு மாற்றியது. சொன்னேனே, கெட்ட பெண் இல்லை. ஆனால் கட்டுகிறபோது அந்த வயலில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்பது அதற்குத் தோன்றவே இல்லை. கீரி தோன்றியிருக்கிறது.

போன மாசியில் நெல் அறுத்து முடித்த கையோடு பெரிய பேச்சு வந்தது. நான் மூட்டை ஏற்றுவதற்காக வேனைக் கொண்டுபோயிருந்தேன், அதனால் எல்லாம் என் காதுபடவே நடந்தது. பவதாரிணி மோட்டார் ரூம் படியில் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஒரு படத்தைக் காட்டியது. அடர்ந்த சின்னக் காடு.

"நம்ம வயலும் இப்படி ஆகப்போகுதுக்கா. எல்லாம் நம்ம ஊரு மரம். பேர்ட்ஸ் எல்லாம் வரும். இனிமே உழவு வேண்டாம், லேண்டுக்கு ரெஸ்ட் குடுப்போம்."

"அப்ப வெள்ளாமை?"

"வெள்ளாமை வேண்டாம்க்கா. நீங்கதான் இந்தக் காட்டப் பாத்துக்கப்போறீங்க. மாசாமாசம் சம்பளம். வெயில்ல கஷ்டப்பட வேண்டாம். இத்தன வருஷம் உழைச்சிட்டீங்க, நீங்களும் ரெஸ்ட் எடுங்க."

மதினி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். "யோசிச்சுச் சொல்றேன் பாப்பா" என்றார். அந்தப் பெண் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பிவிட்டது.

மதுரை செல்லூரில் பட்டறையில் வேலை பார்க்கும் ராம்கி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வீட்டில் சண்டை வெடித்தது. என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சித்தப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க. மயில் திங்கிற வயலுக்கு இந்தம்மா மாரடிக்கணுமா? மாசம் பொறந்தா சம்பளம் வருது. மரத்துக்குத் தண்ணி விட்டுட்டு நெழல்ல உக்காரலாம். அதுல என்ன கௌரவக் கொறைச்சல்?"

மதினி அடுப்பைப் பார்த்தபடி பேசினார். "எங்காத்தா களத்துல தள்ளி நின்னவ. நான் நெல்லுக்குப் பக்கத்துல நின்னவ. நீ காவக்காரி மகனா இருந்துக்க, எனக்குப் பிடிக்கல. இன்னிக்கு காட்டுக்குக் காவலு. நாளைக்கு அந்தப் பிள்ளை வேற ஒருத்திய காவலுக்கு வச்சா நான் யாருடா?"

"இப்ப மட்டும் நீ யாரு? பத்திரம் இருக்கா ஒன் பேருல?"

மதினி விறகை அடுப்புக்குள் தள்ளினார். ராம்கி சாப்பிடாமல் கிளம்பிப் போனான். அவன் கேட்டதும் சரிதான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, கோர்ட்டுக்குப் போக வசதியும் இல்லை. நிலக்காரி நல்லவள் வேறு. யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது?

பதில் அந்தப் பெண்ணே கொண்டுவந்தது. பங்குனி பாதியில் ஒரு நாள் மதுரையிலிருந்து என் வேனில்தான் வந்தது, கார் சர்வீஸுக்கு விட்டிருந்ததாம். வழியெல்லாம் ஒரே குஷி. மரம் நடுவதை ஒரு விழாவாகச் செய்யப்போகிறதாம், டவுனிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். மதினியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, சித்திரை ஒண்ணுக்குப் பொன்னேர் கட்டப்போறோம். இத்தன வருஷமா நின்னுபோனத நாம திரும்பக் கொண்டுவர்றோம். அதோட உழவ முடிச்சிட்டு அங்கேயே மரம் நடுறோம். நீங்கதான் மேழி பிடிக்கணும். சின்ன வயசுல பாத்தேன்ல, நான் மறக்கவே இல்ல."

மதினி கையை உருவிக்கொண்டார். "பொன்னேருன்னா என்னன்னு தெரியுமா பாப்பா?"

"தெரியாம என்னக்கா? அப்பா எல்லாம் சொல்லியிருக்காங்க."

"முறைப்படியா, சும்மா பேருக்கா?"

"முறைப்படிதான். எதையும் விடக் கூடாது."

"அம்பலம் கையால வெதை வாங்கணும்."

"வாங்குவோம்."

"ஊரு கூடணும்."

"எல்லாரையும் கூப்பிடுங்க அக்கா!"

"சரி பாப்பா" என்றார் மதினி. அந்தப் பெண்ணை டவுனில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, "மதினி, என்ன நெனைப்புல இருக்கீங்க?" என்று கேட்டேன். "நான் ஒளிச்சு வச்சு எதும் பேசலையே. நீங்களும்தான இருந்தீங்க" என்றார். பிறகு பேயாண்டி வீட்டுக்குப் போய், எருவண்டி இழுக்கிற அவனுடைய ஜோடி மாடுகளைக் கேட்டுவிட்டு வந்தார். அண்ணனுடைய கலப்பையைப் பரணிலிருந்து இறக்கினார். அதன் இரும்பு முனையில், கொழுவில், துரு ஏறியிருந்தது. அதைக் கருங்கல்லில் வைத்து அவர் தீட்டிய தீட்டில் தெருவே எட்டிப் பார்த்தது.

சித்திரை முதல் தேதி காலையில் மதுரை சிம்மக்கல்லில் வேனை நிறுத்தி விருந்தாளிகளை ஏற்றினேன். நல்ல மனிதர்கள், கதர்ச் சட்டை, துணிப்பை, ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் பாட்டில். வயலில் கூழ் காய்ச்சி மண் குவளையில் ஊற்றினார்கள். ஊர்க்காரர்கள் ஒரு பக்க வரப்பில், விருந்தாளிகள் எதிர் வரப்பில். நடுவில் மரக்கன்றுக்காகத் தோண்டிய குழிகள் வரிசையாகக் கிடந்தன. கன்றுகள் புங்க மரத்தடியில் பையோடு காத்திருந்தன. ராம்கியும் வந்திருந்தான், வேலைக்குப் போட்டுப்போகிற ஷூவோடு வரப்பில் தள்ளி நின்றான். அம்மாவிடம் பேசவில்லை.

பவதாரிணி மைக்கைப் பிடித்தது. மதினியின் பழைய கதையை அழகாகச் சொன்னது. புருஷனை இழந்த ஒரு பெண் ஊரே எதிர்த்தும் மேழி பிடித்தாள், நிலத்தை விடவில்லை, அதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி மதினி பக்கம் கையைக் காட்டியது. அந்தக் கதையில் நிலத்தைப் பிடுங்க நினைத்த ஆள் யார் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. மறைத்தது என்று நான் நினைக்கவில்லை. அதற்குத் தோன்றவே இல்லை. விருந்தாளிகள் கை தட்டினார்கள். எங்கள் பக்க வரப்பில் யாரும் தட்டவில்லை.

அம்பலம் முத்துப்பாண்டி எந்தப் பக்கமும் பகைத்துக்கொள்ளாத மனிதர். புது வேட்டி கட்டி வந்து, ஓலைப்பெட்டியில் சோள விதையை எடுத்து மதினி முந்தியில் போட்டார். பவதாரிணி கிட்டே போய், "அக்கா, இந்த ஓரத்துல மூணு சால் போதும், போட்டோவுக்கு. அப்புறம் மரம் நடலாம்" என்று மெதுவாகச் சொன்னது.

மதினி முந்தியை இடுப்பில் செருகினார், மேழியைப் பிடித்தார், மாட்டை அதட்டினார். கோடை மழை பெய்து மண் பதமாக இருந்தது, கொழு நன்றாக இறங்கியது. கிழக்கு வரப்பை ஒட்டிப் போனார். மூன்று சாலுக்காகத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பவில்லை. நேராகப் போனார். வடக்கு வரப்பில் மடங்கியபோது எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எதிர்ப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் "சூப்பர்" என்றுகூடச் சத்தம் கொடுத்தார்.

ஓரத்தில் இருந்த குழிகள் இரண்டில் மாட்டின் கால் இறங்கி ஏறியது, கலப்பை மண்ணைத் தள்ளி அவற்றை மூடியது. அப்போதுதான் பவதாரிணி வரப்பிலிருந்து குதித்து ஓடியது.

"அக்கா, நில்லுங்க! மூணு சால்னுதான பேசுனோம்?"

மதினி மாட்டை நிறுத்தினார். "நீங்க பேசுனீங்க பாப்பா. முறைப்படியான்னு நான் கேட்டேன். ஆமான்னீங்க."

"இது ஒரு ஃபங்ஷன் அக்கா!"

"உங்களுக்கு ஃபங்ஷன். எனக்குப் பொன்னேரு."

"நிலம் என்னோடதுக்கா."

"உங்களதுதான். நான் இல்லைன்னு சொல்லல. இந்த வருசத்து வெள்ளாமை என்னது."

அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "உங்கள நான் எவ்ளோ மதிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். என் வீட்டுல உக்காந்து தண்ணி குடிச்சீங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். உங்கப்பா மொறைச்சுக்கிட்டே என்னைய எறக்கப் பாத்தாரு. நீங்க சிரிச்சுக்கிட்டே எறங்கச் சொல்றீங்க. எறங்குறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் பாப்பா."

பவதாரிணி அம்பலத்தைப் பார்த்துத் திரும்பியது. "நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட."

அம்பலம் காதைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார். தப்பிக்க வழி இருந்தால் அந்த மனிதர் தப்பித்திருப்பார். "நான் என்னத்தச் சொல்றது ஆத்தா? வெதைய என் கையால போட்டுட்டேன். ஊரு பாத்திருச்சு. எதையும் விடக் கூடாதுன்னு நீதான வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போன."

விருந்தாளிகளில் ஒருவர் போலீஸில் சொல்லலாமா என்று கேட்டார். பவதாரிணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழி மூடிய மண்ணையும் மதினி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது.

மதினி முந்தியிலிருந்த விதையை அவிழ்த்தார். மேழி பிடிக்கிறவர் விதைக்க முடியாது, பின்னால் ஒரு ஆள் வர வேண்டும். இருளாயிக் கிழவி செத்துப் பல வருஷம் ஆகிறது. மதினி சுற்றிப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றினேன். அதற்குள் ராம்கி ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டான். அம்மாவுக்கு எதிரே வந்து கழுத்தில் கிடந்த துண்டை விரித்து ஏந்தினான். மதினி விதையை அதில் கொட்டினார்.

"இறுக்கி வீசாத. கைய விட்டுத் தெளி" என்றார்.

ஏர் நகர்ந்தது. மேற்கு வரப்பு, தெற்கு வரப்பு. சால் இந்தத் தடவையும் நேராக இல்லை. தொடங்கின இடத்தில் வந்து முடிந்தபோது பேயாண்டி விட்ட குலவைச் சத்தம் கரட்டில் மோதித் திரும்பியது. குலவை பொம்பிளைகள் போடுவது, அவனுக்கு அதெல்லாம் தெரியாது. அப்புறம் பொம்பிளைகளும் போட்டார்கள். நான் அழுதேன். ஏன் சொல்லக் கூடாது, அழுதேன்.

பவதாரிணி கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னது. "அறுப்பு வரைக்கும்தான் அக்கா."

"அறுப்பு முடிஞ்சா அடுத்த சித்திரை வரும் பாப்பா" என்றார் மதினி.

விருந்தாளிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் ஒரு தம்பி மட்டும் முன்னால் வந்து, "அண்ணே, அந்தம்மா பேசுனது எல்லாம் ரிகர்சல் பார்த்ததா?" என்று கேட்டான். ஆமா தம்பி, இருபது வருஷத்துக்கு மேலாக ரிகர்சல் என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தான்.

மறுநாள் டிராக்டர் வைத்து மிச்ச வயலை உழுதோம், குழிகள் எல்லாம் மூடின. மரக்கன்றுகளை மதினி ஆட்டு வாயிலிருந்து காப்பாற்றி, கிணற்றடியில் அடுக்கி, தினமும் தண்ணீர் தெளித்தார். அந்தப் பெண் ஆள் அனுப்பி எடுத்துப்போனது. போகிறபோது ஒன்றுகூட வாடியிருக்கவில்லை. செடி என்ன பாவம் பண்ணியது என்று கேட்கிறார். ஓர் உரமும் போடவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. அந்தப் பேச்சுக்கெல்லாம் அவர் இன்றுவரை கட்டுப்பட்டுத்தான் இருக்கிறார். ஒன்றைத் தவிர.

இப்போது ஆடி பிறந்திருக்கிறது. சோளம் கதிர் வாங்கி நிற்கிறது, மயில்கள் இறங்குகின்றன. நேற்று சாயங்காலம் வயலுக்குப் போனேன். மதினி ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். ரோட்டில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. பவதாரிணி உள்ளே உட்கார்ந்தபடி வயலைப் பார்த்தது.

"மதினி, பாப்பா கார்" என்றேன்.

அவரும் பார்த்தார். கோலை எடுத்துத் தகரத்தில் ஓங்கி அடித்தார். கரடு அதிர்ந்தது. சோளத்துக்குள் இருந்து மயில்கள் எழும்பி, வாலை இழுத்துக்கொண்டு காரின் தலைக்கு மேலே பறந்து போயின.

"எறங்கி வரச் சொல்லுங்க கொழுந்தனாரே. வெயில்ல வந்திருக்கு, தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். கார் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு போய்விட்டது.

"கூப்பிட்டது கேட்டிருக்குமா?" என்றார் மதினி.

"தெரியல மதினி. தகரம் கேட்டிருக்கும்."

"அது போதும்" என்றவர், அடுத்த வரப்பில் ஒரு கொண்டை அசைவதைப் பார்த்துவிட்டு மறுபடியும் கோலை ஓங்கினார்.